முதல் நாளே கிளம்பிய பை

பத்து வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எதுவும் நினைவில் இல்லை. இது மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மொத்தம் மூன்றே சொற்கள்தான், அதுவும் ஒரு காரைப் பற்றி.

மணமேல்குடி கடைத்தெருவில் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அந்த வருடம் பெயின்ட் கம்பெனி சொன்ன அளவுக்கு மேலேயே டப்பாக்களை விற்றுவிட்டதால், குடும்பத்தோடு ஐதராபாத் போய் ஒரு தீம் பார்க்கில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பேருக்கும் விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. திருச்சி விமான நிலையத்துக்கு வந்து சேர்வது மட்டும் எங்கள் பொறுப்பு. ஐதராபாத் வரை பறப்பதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. திருச்சிக்கு எந்தக் காரில் போவது என்பதில்தான் இரண்டு வாரம் ஓடியது.

நான் பிறவிக் கவலைக்காரி. பரீட்சைக்குப் பேனா எழுதாமல் போய்விடுமோ என்று மூன்று பேனா கொண்டுபோகிற ஜாதி. இந்த விஷயத்தில் வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தைக் கரும்பலகையில் வரைந்தும் காட்டியிருந்தேன். போகாமல் திரும்பி வந்தால் பள்ளிக்கூடத்தில் முகம் காட்ட முடியாது. போதாக்குறைக்கு அப்பா, "பஸ்ஸு மாதிரி கையக் காட்டுனா நிக்காதும்மா பிளேனு" என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பியான மாமாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் பிழைத்தார். நல்ல கார்தான், கிளம்பிவிட்டால். கிளம்புவதற்குத்தான் ஆள் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு தடவை அதில் கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டி முடிந்து கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா தள்ளிய தூரம் அவர் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போனது. கடைத்தெருவில் அந்தக் காருக்குத் தள்ளுவண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மாதம் மாமா காரை அறந்தாங்கியில் விட்டு, இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றியிருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "இனிமே ஒரே சாவிதாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் நம்பவில்லை. அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"அவன் வண்டியிலயே போவோங்க. திருச்சி வரைக்கும் போச்சுன்னு நீங்க கடையில உக்காந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும், நாலு பேரு கூப்புடுவாங்க. ஒங்க வாய்ல இருக்கு அவன் பொழப்பு."

அப்பா ரசம் ஊற்றச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். எனக்குத்தான் அந்தக் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த சிக்கல் பெரியம்மா வழியாக வந்தது. அப்பாவின் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. தினசரிக் காலண்டரை அவரைப் போல் ஊன்றிப் படித்தவர் ஊரில் இல்லை. பயணம் செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று வடக்கே சூலம். திருச்சியோ வடக்கே இருக்கிறது. சூலத்துக்குப் பரிகாரமாகப் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று காலண்டரிலேயே போட்டிருப்பதை அப்பா காட்டினார்.

"பாலக் குடிச்சிட்டு ஆலங்குடி வரைக்கும் போகலாம் தம்பி. ஆகாசத்துல போறதுக்குப் பாலு பத்துமா?"

இப்படிக் கேட்டுவிட்டுப் பெரியம்மாவே ஒரு வழியும் சொன்னார். திங்கட்கிழமை மாலை நல்ல நேரத்தில் ஒரு பையை முதலில் வடக்கே அனுப்பிவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, மறுநாள் நாங்கள் போவது வெறும் தொடர்ச்சி. மாமா வீடு அறந்தாங்கி சாலையில், எங்களுக்கு வடக்கே இருந்தது. அவர் வந்து பையை டிக்கியில் வைத்துக்கொண்டு போய், செவ்வாய் காலை காரோடு வந்து எங்களை ஏற்றிக்கொள்வது என்று முடிவானது. ஒப்புக்கு இரண்டு துணியைப் போட்டு வைத்தால் சாமியை ஏமாற்றுவதாகும், எது இல்லாமல் போக முடியாதோ அதுதான் போக வேண்டும் என்றும் பெரியம்மா சொல்லிவிட்டார். அம்மா விமான டிக்கெட் தாள்களையும் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் ஒரு நீலப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டுபோய் டிக்கியில் வைத்தது நான்தான். பயணம் போகும்போது யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடக் கூடாது என்று பெரியம்மா மற்ற எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பித் தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தெருவில் நானும் மாமாவும் மட்டும் நின்றோம். மாமா சாவியைத் திருகினார். கார் முதல் திருகிலேயே உறுமிக் கிளம்பியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்தியா ஆத்தா, ஒரே சாவி!" என்று சொல்லிவிட்டு வடக்கே போனார்.

நான் நேராகக் கடைக்குப் போனேன். அப்பா கல்லாவில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

"மாமா வண்டிய எடுத்தாரே, எப்புடி எடுத்துச்சு?"

ஒரு தடவை கிளம்பியது சரி. மறுநாளும் கிளம்பும் என்பதற்கு யார் பொறுப்பு? நடு வழியில் நின்றுவிட்டால்? கரும்பலகையில் வரைந்த ராட்டினம் கண் முன்னால் வந்தது.

"தள்ளித்தான் ஸ்டார்ட் ஆச்சுப்பா."

அப்பா உடனே புதுக்கோட்டையில் ஒரு டிராவல்ஸுக்குப் போன் செய்து கார் சொன்னார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, "ஒங்களுக்கு ஏன் சிரமம் மாப்ள, கம்பெனியிலயே வண்டி அனுப்புறாங்களாம்" என்றார். ஆக, அன்று மாலை நல்ல நேரத்தில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லி முடித்தோம். அம்மாவிடம் விஷயத்தைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா விட்டுவிட்டார். நீலப் பையை யாரும் நினைக்கவில்லை. பையில் என்ன இருக்கிறது என்பதே அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் நிம்மதியில் இருந்தேன்.

செவ்வாய் காலை வெள்ளைச் சீருடை போட்ட டிரைவரோடு ஒரு புதுக் கார் வந்து நின்றது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தள்ளி ஸ்டார்ட் செய்கிற வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று அப்பா மென்று விழுங்கினார்.

"யாரு பாத்தா தள்ளுனத?"

அப்பா என்னைப் பார்த்துத் தாடையை ஆட்டினார். நான் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரம். அம்மா காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். அறந்தாங்கி தாண்டும் வரை என் பக்கம் திரும்பவில்லை. ஏசி போட்ட காருக்குள் எனக்கு மட்டும் வியர்த்தது.

அறந்தாங்கி தாண்டியதும், டிக்கெட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று அப்பா சாதாரணமாகக் கேட்டார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"அது நேத்தே கெளம்பிருச்சே" என்றாள். "என் தம்பி வண்டியில."

அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மாமா கார் ஓட்டும்போது போனைத் தொட மாட்டார், அதில் அவருக்கு ஒரு பெருமை. மாமா வீட்டுக்குப் போட்டால் அத்தை எடுத்தார். எங்கள் சவாரி இல்லை என்றானதும் விராலிமலை முருகன் கோயிலுக்கு ஒரு குடும்பம் கூப்பிட்டதாகவும், விடியும் முன்பே அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். அப்பா திரும்பத் திரும்ப மாமாவைக் கூப்பிட்டார். முதலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதுக்கோட்டை தாண்டிய பிறகு, வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டாலும் அதே பதில். எங்கள் உயிர் போகும் நேரத்தில் இவர் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று அப்பா கத்தினார். தம்பி அழ ஆரம்பித்தான். கடைசியில் டிரைவர்தான் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. செத்த நேரம் போனக் கீழ வையிங்க. அவரும் ஒங்களுக்குத்தான் போட்டுக்கிட்டு இருப்பாரு."

கீழே வைத்த உடனே மணி அடித்தது. மாமாதான். விராலிமலையில் இறங்கி, வந்தவர்களின் பூஜைச் சாமானை எடுக்க டிக்கியைத் திறந்தபோதுதான், ஏற்றும்போது இருட்டில் கண்ணில் படாத நீலப் பையைப் பார்த்திருக்கிறார். அவர்களை மலையடியிலேயே விட்டுவிட்டு இப்போதே கிளம்புவதாகச் சொன்னார். குறுக்கே கீரனூர் வந்து நேராக விமான நிலையத்துக்கு வந்துவிடுவாராம். அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, வண்டி வந்துவிடுமா என்று கேட்டார்.

"வரும் மச்சான்" என்று மாமா சொன்னது எனக்கே கேட்டது.

விமான நிலைய வாசலில் இறங்கி நின்றோம். டிக்கெட்டைக் காட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். பத்தேகாலுக்கு விமானம், ஒன்பதரைக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். பரிசு கிடைத்த மற்ற பெயின்ட் டீலர்கள் குடும்பம் குடும்பமாகத் தொப்பி மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். வாங்க வாங்க என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா எல்லோரிடமும் ஐந்தே நிமிடம் என்றார். வெள்ளைக் கார் எது வந்தாலும் நுனிக்காலில் எம்பிப் பார்த்தேன். எந்தக் காரை நான் ஓடாது என்று சொன்னேனோ, அது ஓடினால்தான் எனக்கு ஐதராபாத். நான் சொன்ன பொய் உண்மையாகிவிடக் கூடாது என்று விராலிமலை முருகனையே வேண்டிக்கொண்டேன். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அது அன்பான பிடி இல்லை.

ஒன்பது இருபதுக்குக் கார் வந்தது. மாமா இஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறக்கிவிட்டவுடன் வண்டியை எடுக்கச் சொல்லிக் காவலர் விசில் ஊதினார். அப்பா பையை வாங்கிக்கொண்டு மாமாவின் கையைப் பிடித்தார். அம்மாதான் பேசினாள்.

"டேய், நேத்து வண்டியத் தள்ளியா எடுத்த? இவதான் ஒங்க மச்சாங்கிட்டச் சொல்லிருக்கா. உண்மையச் சொல்லு. பொய்யின்னா இவள இப்புடியே ஏத்தி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. நாங்க மூணு பேரு போய்க்கிர்றோம்."

அம்மா சொன்னால் செய்வாள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட இன்று இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சும்மாதான் பார்த்தார். இரண்டாவது விசில் கேட்டது.

"ஆமாக்கா" என்றார். "நேத்து தள்ளித்தான் எடுத்தேன். சரி, நேரமாச்சு, போங்க போங்க."

அம்மாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. தன் தம்பிக்காகப் பேச வந்தவளின் முகம் அப்படியே தொங்கிப்போனது. மாமா காரை எடுத்துக்கொண்டு போனார். "பாத்தியா, இஞ்சின அணைக்கக்கூடப் பயம்" என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

தீம் பார்க் நன்றாக இருந்தது. தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் இரண்டு தடவை ஏறினேன். மாமாவின் ஞாபகம் வரவே இல்லை. தப்பித்தோம் என்பது மட்டும் நினைவிருந்தது.

திரும்பி வந்த பிறகு அப்பா பல நாள் கடையில் உட்கார்ந்து பயணக் கதையைச் சொன்னார். பாவம், நேரத்துக்குப் பையைக் கொண்டுவந்து கொடுத்தான், நல்ல மனுஷன் என்று மாமாவைப் புகழ்ந்துதான் சொன்னார். வண்டி மட்டும் இன்னும் தள்ளித்தான் எடுக்கணும், அவனே ஒத்துக்கிட்டான் என்று கூடவே சேர்த்துக்கொண்டார். விராலிமலையில் விட்டுவிட்டு வந்த குடும்பம் ஒரு பக்கம் திட்டித் தீர்த்தது. பொங்கலுக்குள் மாமா காரை விற்றுவிட்டு, அறந்தாங்கியில் வேறொருவரின் தண்ணீர் லாரிக்கு டிரைவராகப் போனார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் காலம் தள்ளுவது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம், பாவம், அந்த வண்டி சரியில்லைதான் என்று மனப்பூர்வமாக நம்பினேன். அன்று எங்கள் தெருவில் அது முதல் திருகிலேயே கிளம்பியதைப் பார்த்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.