கறிமீன் எடுத்தவளைக் கள்ளி என்ற விளையாட்டு

காலை 5.20, நானாட்டான்.

மன்னார் போகிற முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டணம் நூற்றுப்பத்து ரூபாய். மடியில் மடிக்கணினிப் பை, பைக்கு மேலே என் இரண்டு கைகளும். பை விழுந்துவிடும் என்ற பயத்தில் அல்ல. கைகள் சும்மா இருந்தால் தொலைபேசியை எடுத்து அந்தக் குரல் பதிவை மறுபடியும் கேட்பேன். முந்தின நாள் பின்னேரத்திலிருந்து அதைப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பேன்.

“தங்கச்சி, மெரீனா கதைக்கிறன். உங்கட கேமை விளையாடிப் பாத்தனான். என்ர குரலை அதில இருந்து எடுத்துப்போடுங்கோ. எல்லாத்தையும். சரி, வைக்கிறன்.”

அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

கேம் என்று அவர் சொன்னது நாங்கள் செய்த மொட். வெளிநாட்டில் செய்த பெரிய கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறது. பனிமலை, கோட்டை, பறக்கும் பாம்பு எல்லாம் உள்ள ஒரு கற்பனை உலகம். விளையாடுகிறவர் அதில் தன் இஷ்டத்துக்கு எங்கேயும் நடக்கலாம். அந்த உலகத்தோடு ரசிகர்கள் தாங்களாகவே ஒட்டவைக்கும் புதிய பகுதிகளைத்தான் மொட் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து ‘உப்புக்கரை’ என்ற கடற்கரை ஊரை அதில் கட்டினோம். இருபத்தாறு கதாபாத்திரங்கள், எல்லாரும் தமிழ் பேசுவார்கள். சந்தையில் காலையில் மீன் விலை ஏறும், மத்தியானத்தில் இறங்கும். வசனங்களும் விலைகளும் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மொட்டின் முதல் பக்கத்தில் ‘எழுத்து, பொருளாதாரம்: சுகந்தி’ என்று இருப்பதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

பன்னிரண்டு பேருக்கு முதலில் விளையாடிப் பார்க்கக் கொடுத்தோம். ஒருவர், “உங்கட ஊர்ச் சனத்துக்குச் சிரிக்கத் தெரியாதோ? கதைக்கப் போனா எல்லாரும் முறைக்கினம்” என்று எழுதினார். இன்னொருவர் மூன்றே நாளில் சூடை மீன் விற்று இரும்புக் கவசம் வாங்கி, கோட்டை முதலாளியாகிவிட்டார். இவை திருத்தக்கூடியவை. மெரீனா அக்கா கேட்டது அப்படி இல்லை. கடற்கரைப் பெண்கள் எல்லாருக்கும் அவருடைய குரல்தான், நானூற்றுப் பன்னிரண்டு வசனங்கள். அதை எடுத்தால் கரை ஊமையாகிவிடும். வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக அறிவித்திருந்தோம். அன்று புதன்.

காலை 6.25, மன்னார்.

பாலத்தைத் தாண்டும்போது கடல் தட்டையாக, தகரம் போலக் கிடந்தது. பஸ் நிலையத்தில் அறுபது ரூபாய்க்குப் பிளேன்டீ குடித்தேன், பாதியை வைத்துவிட்டேன். தலைமன்னார் பஸ்ஸில் ஏறினால் பதினைந்து, பதினாறு கிலோமீற்றரில் பேசாலை. எண்பது ரூபாய்.

பையை மேல்தட்டில் வைக்கப் போனேன். நடத்துநர் தடுத்தார்.

“என்னது, லப்டொப்போ? மடியிலயே வையுங்கோ தங்கச்சி. திரும்பி வரேக்க மீன் பெட்டி வைச்சு ஐஸ் தண்ணி ஒழுகின தட்டு அது.”

தோட்டவெளி தாண்டியதும் நடுரோட்டில் ஐந்து கழுதைகள் நின்றன. சாரதி ஹோர்ன் அடித்தார். அவை அசையவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் வெற்றிலை மடித்தார். எங்கள் மொட்டிலும் கழுதைகள் வழிவிடாது. விளையாடிப் பார்த்தவர்களில் நான்கு பேர் அதைப் பிழை என்று அறிக்கை அனுப்பியிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இடது பக்கம் தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டு போனேன். எத்தனை என்று இப்போது கேட்டால் தெரியாது.

காலை 7.10, பேசாலை.

சந்தியில் ஜெனிற்றா சைக்கிளோடு நின்றாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், மெரீனா அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை. குரல் பதிவுக்கு அக்காவைப் பிடித்துத் தந்தவளும் அவள்தான்.

“முகம் ஏன் இப்பிடி? செத்தவீட்டுக்கு வந்தமாதிரி.”

“அக்கா சரியான கோபமோ?”

“கோபமெண்டா நல்லம். அவ ஆரோடயும் கதைக்கிறேல்ல. வா, கரையில நிக்கிறா.”

நடக்கும்போது சொன்னாள். சோதனைக்கு வாங்கியவர்களில் யாரோ தான் விளையாடுவதைப் படமெடுத்திருக்கிறார். இருபது வினாடி வீடியோ. கரையில் ஒரு படகு வருகிறது, விளையாடுகிறவர் பெட்டியிலிருந்து மீன் எடுக்கிறார், உடனே ஒரு பெண், “கள்ளி! எடுக்கிறாள் பார்! பிடியுங்கோ!” என்று கத்துகிறாள். கத்துவது மெரீனா அக்காவின் குரல். வீடியோ பேசாலைக் கரையின் வாட்சப் குழுவுக்குள் போய் நான்கு நாளாகிறது.

கரையில் அக்கா மற்றப் பெண்களோடு குந்தியிருந்து வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டார். “வாங்கோ” என்றார். கை நிற்கவில்லை. அதற்குள் ஒரு ஃபைபர் படகு வந்து மணலில் முட்டியது. யாரும் யாரையும் ஏவவில்லை. பக்கத்தில் நின்றவர்கள், வலையோடு இருந்தவர்கள், சைக்கிளில் போன ஒருவர்கூட, வந்து கைவைத்தார்கள். அக்காவும் எழுந்து போனார். படகோட்டி யூட் அண்ணை எஞ்சினைத் தூக்கிக்கொண்டே சத்தம்போட்டார்.

“கள்ளி வாறா! பெட்டியைப் பாத்துக்கொள்ளுங்கோடா!”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனிற்றா என் காதில், “முந்தியெண்டா அக்கா திருப்பிக் குடுக்கிற குடுப்பில அண்ணை கடலுக்கையே திரும்ப ஓடியிருப்பார்” என்றாள். அக்கா படகுக்குத் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

படகு மேலேறியதும் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். தள்ளியவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பெட்டியிலிருந்து மீன் எடுத்தார்கள். ஒருவர் இரண்டு, ஒரு பெண் நான்கு, சைக்கிள்காரர் ஒரு பெரிய கும்பிளா மீன். யாரும் கேட்கவில்லை. யூட் அண்ணை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தக் கரையில் எண்ணிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான்.

“கறிமீன்” என்றாள் ஜெனிற்றா. “கை வைச்சா ஒரு கறிக்கு எடுக்கலாம். இதுக்கு ஆரும் கேக்கிறேல்ல.”

மெரீனா அக்கா மட்டும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு வலைக்குத் திரும்பினார்.

“அக்கா, எடுக்கேல்லையோ?” என்றார் யூட் அண்ணை. முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

“இண்டைக்கு வீட்டில மரக்கறி.”

“நேற்றும் மரக்கறி எண்டனீங்கள்.”

“நாளைக்கும் அதுதான்.”

நான் குரலைக் காப்பாற்ற வந்திருந்தேன். பறிபோனது வேறொன்று.

காலை 9.40, அக்காவின் வீடு.

பிளாஸ்ரிக் கதிரைகள் இரண்டைப் போட்டு, தேத்தண்ணி தந்தார். பிறகு என் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரல்கள் விசைகளில் பழகிய வேகத்தில் ஓடின. ஜெனிற்றாவின் கணினியில் இரவிரவாகக் கேம் விளையாடுகிற ஆள் என்று அவள் சொல்லியிருந்தாள். உப்புக்கரைக்குப் போனார். படகு வந்தது. தள்ளினார். குனிந்து இரண்டு மீன் எடுத்தார்.

“கள்ளி! எடுக்கிறாள் பார்! பிடியுங்கோ!”

திரையில் காவலர்கள் ஓடிவந்தார்கள். அக்கா கைகளை எடுத்துவிட்டார்.

“என்ர வாயாலேயே என்னைக் கள்ளி எண்டு சொல்ல வைச்சிட்டியள். அண்டைக்கு வாசிக்கச் சொல்லேக்க, கடற்கொள்ளைக்காரர் வரேக்க கத்திற வசனமாக்கும் எண்டுதான் நினைச்சனான்.”

“அக்கா, அது நான் செய்தது இல்லை. அந்தக் கேமிலயே சட்டம் அப்பிடி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். வேற ஆள் எடுத்தா கிட்ட நிக்கிறவை கத்துவினம். மெசின்தான்…”

“கள்ளி எண்ட சொல்லை மெசினோ எழுதினது?”

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன்.

“திருத்தலாம்” என்றேன். உடனேயே திருத்தத் தொடங்கினேன். படகில் கைவைத்தவர் மீன் எடுத்தால் யாரும் கத்தக்கூடாது: இருபது நிமிட வேலை. அக்கா விளையாடிப் பார்த்தார். இரண்டு எடுத்தார், அமைதி. பத்து எடுத்தார், அமைதி. பெட்டியையே காலி பண்ணிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, ஒரு வாள் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

“இப்ப நான் உண்மையிலேயே கள்ளி” என்றார். முதல் முறையாக வாய் கொஞ்சம் கோணியது. ஜெனிற்றா சிரித்தே விட்டாள்.

“அப்ப எத்தினை வரைக்கும் எடுக்கலாம் அக்கா? நாலு? அஞ்சு?”

“ஒரு கறிக்கு.”

“அது எத்தினை?”

“வீட்டில ரெண்டு பேரெண்டா ஒரு கறி, எட்டுப் பேரெண்டா வேற கறி. கடல் குடுத்த அண்டைக்கு ஒரு கணக்கு, குடுக்காத அண்டைக்கு ஒண்டையும் தொடுறேல்ல. இதையெல்லாம் ஆர் எண்ணுறது?”

“கம்பியூட்டருக்கு எண் வேணும் அக்கா.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

விலைப் பட்டியலை மூன்று மாதம் இருந்து எழுதியவள் நான். ஐஸ் விலை ஏறினால் மீன் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்குக்கூடச் சூத்திரம் வைத்திருந்தேன். அந்த மேசையில் அதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பி போலக் கிடந்தது. கடைசியில் வேறு விதமாகக் கேட்டேன்.

“சரி, ஒராள் கூட எடுத்தா சனம் என்ன செய்யும்?”

அக்கா திரையை விட்டு என்னைப் பார்த்தார். “ஒண்டும் செய்யாது. ஒருத்தரும் கத்தமாட்டினம். நாளைக்குப் போட் வரேக்க அவர் கிட்ட வந்தா, ‘நீங்கள் நில்லுங்கோ, நாங்கள் தள்ளுறம்’ எண்டு சொல்லுவினம். மரியாதையாத்தான் சொல்லுவினம். அதுக்குப் பிறகு அந்தாள் கரையில நிக்கேலாது.”

ஜெனிற்றா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். காவலர், சிறை, அபராதம் என்று நான் எழுதியிருந்த எல்லாவற்றையும்விட அது பயங்கரமாக இருந்தது.

அப்படியே செய்தோம். வீட்டில் எத்தனை பேர் என்பதை வைத்து ஓர் எண், அதற்குமேல் எடுத்தால் மறுநாள் அந்த ஒரு வசனம். பிறகு ‘கள்ளி’ என்று வருகிற முப்பத்தெட்டு ஒலிப்பதிவுகளையும் அக்கா பக்கத்தில் இருந்து பார்க்க ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் “இது?” என்று கேட்டார், “இதுவும்” என்றேன்.

“அப்ப குரல், அக்கா…”

“இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல. அந்த வீடியோ போனது போனதுதான், அழிக்கேலாது எண்டு ஜெனிற்றா சொல்லுறாள். முதல் பக்கத்தில உங்கட பேர் கிடக்குதெல்லே? அதுக்குக் கீழ எழுதுங்கோ, அந்த வசனத்தை எழுதினது நீங்கள் எண்டு, எங்கட கரை வழக்கம் தெரியாமல் எழுதினது எண்டு. கரையில உள்ளவை வாசிக்கட்டும். எழுதிப்போட்டு அனுப்புங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன்.”

சம்மதம் என்று தலையாட்டினேன். அப்பா முகம்தான் முதலில் வந்தது. அந்தப் பக்கத்தை அவருக்கு இனி எப்படி வாசித்துக் காட்டுவது?

மத்தியானம் 12.15, திரும்பும் வழி.

பஸ்ஸில் மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று முதலில் எழுதினேன். பிறகு ‘எங்கள் குழுவின் கவனக்குறைவால்’ என்று. மன்னார் பஸ் நிலையத்தில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது எழுதியது இது: ‘முந்தைய பதிப்பில் கறிமீன் எடுப்பவரைக் கள்ளி என்று கத்தும் வசனம் இருந்தது. அதை எழுதியது நான், சுகந்தி. குரல் தந்தவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. கைவைத்தவர் கறிமீன் எடுப்பது பேசாலைக் கரையின் வழக்கம். அது தெரியாமல் எழுதியது என் பிழை.’

அக்காவுக்கு அனுப்பினேன். வாசித்ததற்கான நீல அடையாளம் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. பஸ் புறப்பட்டு, பாலம் தாண்டி, பெருநிலத்து வயல்கள் தெரியத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன். அந்தச் சொல் சும்மா மனசில வராது. உங்கள ஆர் அப்பிடிக் கத்தினது?”

இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டுமெசின் போன வயலில் நெற்கதிர்கள் சிந்திக் கிடந்தன. எங்கள் அப்பா, அம்மா மலைநாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். சொந்த வயல் கிடையாது, கூலி வேலை. மெசின் போனதும் சிந்தியதைப் பொறுக்க அம்மா வரம்பில் நிற்பார். வயல்காரர் தலையாட்டும்வரை இறங்கமாட்டார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு நாள் வயல்காரர் அங்கே இல்லை; அம்மா கேட்காமல் இறங்கிவிட்டார். அரைப் பை சேர்ந்திருக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்ற சட்டம் வெளிநாட்டு விளையாட்டிலிருந்து எனக்கு வந்தது என்றுதான் காலையில் அக்காவோடு வாதாடினேன்.

“என்னை இல்லை. அம்மாவை” என்று எழுதினேன்.

நானாட்டானில் இறங்கும்போது பதில் இருந்தது. “குரல் இருக்கட்டும்.” அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை.

மொட் வெள்ளிக்கிழமை வெளிவரும். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு நடக்கிற வழியில் ஜெனிற்றாவை அழைத்தேன். நாளைக் காலை யூட் அண்ணையின் படகு வரும்போது கரையில் நின்று பார்க்கச் சொன்னேன்.

“என்னத்தைப் பாக்க?”

“அக்கா குனிஞ்சு எடுக்கிறாவோ எண்டு.”