அழைத்தும் எழாவிட்டால்

மீசை அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம். ஆஸ்பத்திரியில், காய்ச்சலில்...

அக்கரையில் பிறை ஊர் ரயில்வே கேட்டில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக நின்றாரே, அந்த வேலாயுதம் அண்ணன்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இந்த டிபன் கடைச் சுவரில் நான் ஒட்டும் தாளைப் படித்துச் சிரிக்க வருகிறவர்களே, இன்றைக்கும் சிரிப்பு வரலாம். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பிறையிலிருந்து ஃபெர்ரியில் இந்தக் கரைக்கு வரும்வரை நின்றுகொண்டே எழுதினேன். எழுத்து ஆடினால் கடலைத் திட்டுங்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு. ஆங்கிலம், மலாய், தமிழ், மூன்றிலும் ஒரே சேதி. ‘தண்டவாளத்தில் வண்டி சிக்கினால் உடனே கேட்மேனை அழைக்கவும்.’

ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. ஆடுகள் மட்டும் அதில் முதுகு சொறிந்துகொள்ளும்.

அண்ணனோ கேட்மேன் இல்லை, கேட்காத மேன். கொடி பிடிக்காத நேரமெல்லாம் தூக்கம்.

மாற்று ஆள் வராததால் இரண்டு ஆள் வேலையை அவர் ஒருத்தரே பார்க்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது... சரி, தெரியும். யோசிக்கவில்லை.

கைகாட்டிக் கம்பத்துக்கு அடித்து மிச்சமான வெள்ளைப் பெயிண்ட் கிடந்தது. தமிழ் வரிக்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன். ‘அழைத்தும் எழாவிட்டால் மீசையைப் பிடித்து இழுக்கவும்.’

அன்றிலிருந்து போர்டுக்கு முன்னால் கூட்டம். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களை இழுத்துவந்து படிக்கச் சொன்னார்கள்.

அண்ணனும் என்னைத்தான் கூப்பிட்டார். அவருக்கும் படிக்கத் தெரியாது.

“என்னாடா எழுதியிருக்கு? போறவன் வர்றவன்லாம் எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறான்!”

படித்துக் காட்டினேன். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“எழுத்து அழகா இருக்கா?”

“இருக்குண்ணே.”

“அப்ப இருந்துட்டுப் போவட்டும்லா.”

ஒருநாள் நடுப்பகல். தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றின் சக்கரம் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டது. தூரத்தில் ரயிலின் ஊதல்... வண்டிக்காரர் கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நானும் கத்தினேன். கேட் அறைக்குள் அண்ணனின் குறட்டை நிற்கவில்லை.

வண்டிக்காரர் உள்ளே ஓடிப்போய் மீசையைப் பிடித்து இழுத்தார்.

அண்ணன் துள்ளி எழுந்து, சிவப்புக் கொடியோடு ரயிலுக்கு எதிரே ஓடினார். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். ரயில் நின்றபோது எஞ்சினுக்கும் மாடுகளுக்கும் நடுவே ஒரு வண்டி நீளம்தான் இருந்தது.

மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

விசாரிக்க வந்த ரயில்வே இன்ஸ்பெக்டரிடம் வண்டிக்காரர் பெருமையாகச் சொன்னார். “போர்டுல போட்டிருக்கிறபடிதான் செஞ்சேன் தொரை.”

அவ்வளவுதான். கவர்மென்ட் போர்டில் கிறுக்கியது யார் என்று இன்ஸ்பெக்டர் குதித்தார்.

என் அப்பா ரயில்வே கிளார்க். நாங்கள் இருப்பது ரயில்வே கோட்டர்ஸ். நான் என்று தெரிந்தால் இரண்டும் போகும். ஊரே வாயாடி என்கிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

“நாந்தான் எழுதுனேன் தொரை” என்றார் அண்ணன்.

அவர் கைநாட்டு வைக்கிறவர் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். “திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து என் முன்னால் எழுதிக் காட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அண்ணன் கையில் ஒரு சாக்பீஸ்.

“டேய், அந்த வரிய எழுதச் சொல்லிக் குடு.”

“வேணாண்ணே. நானே போய்ச் சொல்லிடுறேன்.”

“சொல்லிட்டு? ஒங்கப்பா புள்ளகுட்டியோட எங்க போவாரு? ஒன் போர்டுக்குக் கீழயா குடியிருப்பாரு? வாய மூடிக்கிட்டு எழுதுடா.”

மூன்று நாள், கேட் அறைத் தரை முழுக்க அந்த ஒரே வரி. ஒவ்வொரு தடவையும் ‘ழு’வில் வந்து நின்றுவிடுவார். “இது எழுத்தாடா? இந்த வளைவுல எஞ்சினே தடம் பொரண்டுரும்லா!”

உங்கள் பெயரையும் சொல்லித் தரட்டுமா என்றேன்.

“அத அப்பறம் பாப்போம். மொதல்ல மீசை.”

அந்த ‘அப்பறம்’ வரவில்லை. திங்கட்கிழமை ஒரு பிழையில்லாமல் எழுதிவிட்டார். கேட் வேலை போனது. தண்டவாளத்தில் கட்டை சுமக்கும் வேலைக்கு, காட்டோரமாக எங்கேயோ அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது எனக்குப் பச்சைக் கொடியை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அங்கேதான் காய்ச்சல் பிடித்தது.

இன்று காலை ஃபெர்ரி ஏறும் முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் ஒரு தாளைக் காட்டினார். “கைநாட்டு வைங்கன்னா, எனக்கு எழுதத் தெரியும்னு பேனாவ வாங்கிக்கிட்டாரு தம்பி. பேரு எழுதுற எடத்துல என்னா எழுதியிருக்காரு பாருங்க.”

அதே வரி. ‘ழு’ மட்டும் கொஞ்சம் தடம் புரண்டிருந்தது.

எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள். போர்டில் எழுதியது நான்தான். ரயில்வே கிளார்க் அந்தோணியின் மகன் சூசை.

அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கன்னம் இன்னும் எரிகிறது. நாளை இரண்டு பேருமாக இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போகிறோம். கோட்டர்ஸ் இருக்குமா, தெரியவில்லை...

ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். “அண்ணே” என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை.

யாரும் பார்க்காதபோது மீசையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகத்தான்.

அப்புறம் கொஞ்சம் பலமாக.

தூங்குங்க அண்ணே. இனிமே யாரும் எழுப்ப மாட்டோம்.