எல்லா இடமும் போனவள்

மெல்பேர்னிலும் ஒரு மல்வேர்ன் இருக்கிறதாம். போய்ச் சேர்ந்த முதல் கிழமையே மகள் அந்த ரெயில் நிலையத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்து அனுப்பினாள். எங்கள் மல்வேர்ன் ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களும் ஒரே பஸ்சில் முட்டி மோதுகிற இடம். அவர்களுடைய மல்வேர்ன் பெரிய வீடும் பூந்தோட்டமுமாகப் பணக்காரர் இருக்கிற இடமாம். "நான் மல்வேர்ன் எண்டு சொன்னால் இஞ்ச எல்லாரும் என்னை ரிச் எண்டு நினைக்கினம் அம்மா" என்று சிரித்தாள். நினைக்கட்டும், நீ சொல்லித் திருத்தப் போகாதே என்றேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கிறாள். ஒரு தவணையை வெளிநாட்டில் படிக்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வேறு எந்த நாட்டின் பெயரைச் சொல்லியிருந்தாலும் ஆயிரம் நொட்டை பிடித்திருப்பேன். அவுஸ்திரேலியா என்றதும் வாயை மூடிக்கொண்டு ஓம் என்றேன். ஏனென்றால் அங்கே என் தம்பி இருக்கிறான்.

நான் கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது பள்ளிக்கூடக் காற்சட்டையோடு வாசல் படலையில் நின்று கை காட்டியவன் அவன். சண்டை முடிந்த பிறகு படகேறி அவுஸ்திரேலியா போனான். இன்றுவரை அவனுக்குத் தற்காலிக விசாதான். வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டை விட்டு வெளியே போனால் மட்டும் திரும்பி உள்ளே வர முடியாது. நானாவது போய்ப் பார்க்கலாம் என்றால், என் கணவருக்கு ஒன்றைவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், கூட்டிக்கொண்டு போய் வர என்னை விட்டால் ஆள் இல்லை. அக்காவும் தம்பியும் தொலைபேசிக்குள்ளேயே வயதுபோய்க்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டு ஆள் ஒருத்தர் அவனை நேரில் பார்த்து, பக்கத்தில் இருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அவுஸ்திரேலியா என்றால் ஒரு ஊர். மெல்பேர்னுக்குப் போகிற பிள்ளையிடம் நாட்டின் மறுகரையில், பேர்த்தில் இருக்கிற மகனுக்கு என்று ஒரு அன்ரி பருத்தித்துறை வடை கட்டிக் கொடுத்தா. "பக்கத்திலதானே பிள்ளை, ஒருக்கா எட்டிக் குடு" என்று வேறு சொன்னா. நான் அவவை விடத் திறமில்லை. மல்வேர்னிலிருந்து பக்கத்து அஜக்ஸுக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டு, "வகுப்பு முடிய பின்னேரம் வெளிக்கிட்டு மாமாவைப் பாத்திட்டு வா" என்றேன். தம்பி இருப்பது திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு சின்ன உள்நாட்டு ஊர். மெல்பேர்னிலிருந்து ரெயினும் பஸ்சுமாக ஒரு பகல் முழுக்கப் போய்விடும் என்று அவள் தேசப்படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். அந்தப் படத்தில் எல்லாம் விரலளவு தூரத்தில்தான் இருந்தன.

தம்பிக்கென்று நான் கட்டிக் கொடுத்த வேப்பம்பூ வடகம் விமான நிலையத்தோடு சரி. சுங்க அதிகாரிகள் கேட்ட உடனே இவளே எடுத்து மேசையில் வைத்து, இதற்குள் பூ இருக்கிறது, தாவரம் இருக்கிறது என்று வகுப்பெடுத்திருக்கிறாள். அவர்கள் நன்றி சொல்லிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். என் தம்பிக்கு விருப்பமான ஒரே சாமான். அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி மாதிரி ஒன்றைப் பெற்று வைத்திருக்கிறேன் என்று ஏசினேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பின்னேர வேலை செய்கிறேன். மாலை ஆறு மணிக்கு இடைவேளை. எனக்கு மாலை என்றால் அவளுக்கு அடுத்த நாள் காலை. இரவுச் சாப்பாட்டுக்கான சூப்பை அடுப்பில் விட்டுவிட்டு, பின்பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்து அவளுடைய பயணங்களை எல்லாம் பார்த்தேன்.

முதலில் கடலோரப் பாதை. கரையைக் கடல் தின்றுவிட்டு மிச்சம் விட்ட பாறைகள் தண்ணீருக்குள் தனித்தனியே நிற்கின்றன. காற்றில் தலைமயிர் முகத்தை மூட, அவள் அந்தப் பாறைகள் எப்படி விழுகின்றன, இன்னும் எத்தனை விழப் போகின்றன என்று கத்திக் கத்திச் சொன்னாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இங்கே எங்கள் வீட்டு சோபாவில் போனை நோண்டிக்கொண்டு சுருண்டு கிடந்த பிள்ளையா இது என்று இருந்தது.

பிறகு இரவுக் கப்பலேறித் தாஸ்மேனியா போனாள். மழைக்காட்டு மலையில் ஏறி இறங்கியபோது காலுறைக்குள் அட்டை. குளியலறையில் ஒரு சிலந்தியைக் கண்டால் வீட்டையே கூட்டுகிறவள், உப்பைப் போட்டு அட்டையை விழுத்திவிட்டு அதே கல்லில் இருந்து பாண் துண்டைச் சாப்பிட்டாளாம். "கை கழுவினியோ?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நாட்டின் நடுவில் இருக்கிற சிவந்த பெருமலை. இரவில் கூடாரம்கூட இல்லாமல், தடித்த துணிப்பைக்குள் புகுந்து வெறும் நிலத்தில் படுத்திருக்கிறாள். பாம்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, அது தன்பாட்டில் போகும் என்றாள். அந்த மலை அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குக் கோயில் மாதிரியாம். ஏறக் கூடாது, சுற்றி நடக்கலாம். விடியற்காலையில் தொடங்கி முழுக்கச் சுற்றியிருக்கிறாள். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததால் கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டாளாம். "வீதி சுத்திக் கும்பிட்டனான் அம்மா" என்றாள். எங்கள் கோயில் திருவிழாவுக்கு வா என்றால் முகத்தைச் சுளிக்கிறவள். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது, அதை நேரே சொல்லவும் செய்தேன். வேலைத்தலத்தில் கூட வேலை செய்கிற பிலிப்பினோப் பெண்ணுக்கும் அந்தப் படங்களை எல்லாம் காட்டினேன். அவ தன் மகளையும் அனுப்ப வேண்டும் என்றா.

ஆனால் மாமாவிடம் மட்டும் போகவில்லை. அடுத்த லீவு, பரீட்சை, பஸ் இல்லை என்று ஒவ்வொரு சாட்டு. தவணை முடிகிற நாள் கிட்டக் கிட்ட எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

"எல்லா இடமும் போறாய். கடல் பாத்தாச்சு, மலை பாத்தாச்சு, பாம்போட படுத்தாச்சு. என்ர தம்பியைப் பாக்க மட்டும் உனக்கு வழி தெரியாது."

"அம்மா, இட்ஸ் நொட் தற். எனக்கு அவரோட என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. என்ர தமிழைக் கேட்டால் சிரிப்பார்."

"சிரிச்சால் சிரிக்கட்டும். அவன் சிரிச்சுக் கனகாலம்."

தம்பியைப் பிடித்தால் அவன் ஒரு படி மேலே. "அவளை இஞ்ச விடாதேங்கோ அக்கா" என்றான். "நாங்கள் பெடியள் கனபேர் ஒரு வீட்டில கிடக்கிறம். படிக்கிற பிள்ளை நல்ல இடங்களைப் பாத்திட்டுப் போகட்டும். இஞ்ச வந்து என்னத்தைப் பாக்கப் போறாள்?"

இவள் வெட்கப்படுகிறாள், அவன் கூச்சப்படுகிறான், நடுவில் நான் சூப்பைக் கிண்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சுக் கொடுத்துவிட்டு அன்று சூப்புக்கு இரண்டாம் தரமும் உப்புப் போட்டேன்.

அவளுக்குத் தாய்மாமன் என்று இருப்பது அவன் ஒருத்தன்தான். எங்கள் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானால் தலையில் பாலறுகு வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமனுடைய உரிமை. எத்தனை பேர் வந்து நின்றாலும் அந்த இடம் அவனுக்கு. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் நாங்கள் சாமத்தியச் சடங்கு செய்தபோது அவன் அப்போதுதான் படகில் போய் இறங்கியவன், எங்கேயும் அசைய முடியாது. அஜக்ஸில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணையைத்தான் பதிலுக்கு நிறுத்தினோம். அவர் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டு பிந்தி வந்து, நல்ல நேரம் போகிறதே என்று அவசரமாக வார்த்துவிட்டுப் போனார். தம்பி வீடியோவில் நின்றான். நான் கீழே ஆலாத்தித் தட்டுகளோடு அந்தரப்பட்டுக்கொண்டு நின்றதால், அவன் நின்ற போனை ஒரு அன்ரியின் கையில் கொடுத்து மேலே குளியலறைக்கு அனுப்பினேன். பிறகு அவனிடம் கேட்டேன். "எல்லாம் வடிவாப் பாத்தனான் அக்கா. பிள்ளை நல்ல வடிவு" என்றான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

போன வைகாசி கடைசியில் ஒரு நாள் மகளின் போன் வேலை செய்யவில்லை. முதல் நாள் நூலகத்தில் இருக்கப் போவதாகச் சொன்னவள். அடுத்த நாள் மாலை வேலைக்கு வந்தும் எனக்குக் கை ஓடவில்லை. ஆறு மணிக்கு வாங்கிலில் போய் இருந்ததும் போன் அடித்தது. திரையில் மகள், அவளுக்குப் பின்னால் இலை கொட்டிய திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. அவள் ஒரு பழைய பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள், முன்மயிர் கொட்டி, கன்னம் ஒட்டி. அவன் பல்லைக் காட்டிச் சிரித்த பிறகுதான் படலையில் நின்ற பள்ளிக்கூடப் பெடியன் தெரிந்தான்.

முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில், ஒருத்தருக்கும் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். அவள் யார் என்று தெரிந்ததும் வீட்டில் இருந்த மற்றப் பெடியள் சோறு கறி சமைத்து வைத்துவிட்டு, பிள்ளை தங்கட்டும் என்று சிநேகிதர் வீடுகளுக்குப் போய்விட்டார்களாம். அவர்களை நான் கண்டதில்லை. கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

"என்ன கோலமடி இது? ஏன் சேலையோட நிக்கிறாய்?"

"மாமா தண்ணி வாக்கப் போறார் அம்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"என்ர சடங்கு அண்டைக்கு அவர் ஒண்டும் பாக்கேல்லை அம்மா. அன்ரி போனை சிங்குக்குப் பக்கத்தில வச்சிட்டா. அது முகட்டைப் பாத்தபடி கிடந்தது. 'என்ர பிள்ளையைக் காட்டுங்கோ, ஒருக்காத் திருப்புங்கோ' எண்டு அவர் கத்திக்கொண்டே இருந்தவர். அங்க நிண்ட ஆக்களின்ர சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது."

"என்னட்ட ஏன் சொல்லேல்லை?"

"ஐ வாஸ் ட்வெல்வ் அம்மா. எல்லாரும் சுத்தி நிக்க நான் நனைஞ்சபடி இருந்தனான், எனக்கு வாயே வரேல்லை. அதுக்குப் பிறகு அவரோட கதைக்கவே வெக்கமா இருந்தது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீர்க் குழாயடியில் பச்சையாக நின்ற புல்லை நுள்ளிக்கொண்டிருந்தான். அறுகு. அந்த நாட்டில் அது வேலியோரம் எல்லாம் தன்பாட்டில் முளைக்கிறதாம், நாங்கள் சடங்குக்கு அஜின்கோர்ட் கடையில் சொல்லி வைத்து வாங்கியது. அடுப்பில் சூடாக்கிய தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் கலந்து வைத்திருந்தான். ஒரு விரலை விட்டுப் பார்த்தான், பிறகு முழங்கையை விட்டுப் பார்த்தான். பச்சைக் குழந்தையைக் குளிக்க வார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி.

"கிழக்கைப் பாத்து இரு பிள்ளை" என்றான். அவள் நாட்டையெல்லாம் சுற்றியவள், உடனே சூரியனைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். போனை ஒரு கதிரையில் சாய்த்து வைத்தார்கள். அவன் பாலில் தோய்த்த அறுகை அவள் உச்சியில் வைப்பதைப் பார்த்தேன். பிறகு வாளியைத் தூக்கத் திரும்பியவனின் கால் கதிரையில் பட்டது. போன் மல்லாக்க விழுந்தது.

வானம். ஒரு முகில்கூட இல்லாத வெறும் நீல வானம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, அவள் கூவுகிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒருத்தரையும் காணவில்லை.

"என்ர ஆக்களைக் காட்டுங்கோ! ஒருக்காத் திருப்புங்கோ!" என்று நான் கத்தினதில், உள்ளே சூப்புக்குப் பக்கத்தில் நின்ற பிலிப்பினோப் பெண் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தா.

"பொறுங்கோ அக்கா" என்று தம்பியின் குரல் மட்டும் வந்தது. "பிள்ளைக்கு இன்னும் ஒரு வாளி இருக்கு."

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தேன்.