இறக்கம் பார்த்து நிறுத்திய வண்டி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்தக் குடும்ப நினைவு மலருக்கு யார் எதைப் பற்றி எழுதுவது என்று மதினி பங்கிட்டுத் தந்தபோது என் பங்காக வந்தது அண்ணனின் கார். "எல்லாருக்கும் அந்த வண்டில போன ஞாபகம் இருக்கும். நீங்க எழுதினா கிலோமீட்டர் தப்பாது" என்றார் மதினி.

கிலோமீட்டர் தப்பாது. ஆனால் அந்த வண்டி எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இன்றும் அருவருப்புதான். அதை மறைத்து இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது.

அண்ணன் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். எட்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரம் வந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சாலைக் கடைத்தெருவில் எங்கள் இரும்புக்கடையில் உட்கார்ந்தார். ஆணி, கீல், தாழ்ப்பாள், கட்டுக்கம்பி என்று நாற்பது வருடம். அவர் உட்கார்ந்ததால் நான் படித்தேன். அரசு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே வேலை பார்த்தேன். அவருக்கும் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. என் ஒரே மகளைத் தன் மகளாகவே வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இரண்டு பேர் ஓட்டிக் கைவிட்ட எண்பதுகளின் கார் ஒன்றை அண்ணன் வாங்கினார். என்ன கார் என்று எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் ஓடியவை மொத்தமே மூன்று நான்கு வகை. வெளிறிய பச்சை நிறத்தைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஏறியதும் பெட்ரோலும் பழைய வியர்வையும் ஈர ரெக்சினும் சேர்ந்த ஒரு வாடை தொண்டையில் வந்து உட்காரும். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இருக்கைகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டிருந்தார். சாக்கடைத் தண்ணீரில் ஏறினால் பலகையின் விளிம்பு வழியாக அது காலில் பீய்ச்சும். ஒருமுறை டாஷ்போர்டின் முன்பெட்டிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது. பதினோரு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அந்தப் பதினோரு நாளும் உறவினர் யாரும் சவாரியை நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதன் பேட்டரியை நம்ப முடியாது. அதனால் அண்ணன் எங்கே போனாலும் முதலில் ஓர் இறக்கத்தைத் தேடி, வண்டியின் முகம் கீழே பார்க்க நிறுத்துவார். உருட்டிவிட்டால் தானே கிளம்பும். நம் ஊரில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. "திரும்பிப் போறதுக்கு வழி பாத்துட்டுல்லா இறங்கணும்" என்பார். ஏற்றத்தில் அது வேறு விதமாகப் படுத்தும். பெட்ரோல் பம்பு சூடேறி நின்றுவிடும். ஒரு துவர்த்தை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். குளித்துத் துவட்டுகிற துண்டு, கரி படிந்து என்ஜினுக்குள் கிடப்பதைப் பார்க்கவே எனக்குக் கூசும்.

ஆயில் மாற்றுகிற கணக்குக்காக ஒரு நோட்டுப் போடச் சொன்னார். நான் கோடு கிழித்து நான்கு பத்தி பிரித்தேன்: தேதி, இடம், கிலோமீட்டர், ஆட்கள். முன்பெட்டியில் அது எப்போதும் இருக்கும். பிரசவ வலி, ரயில், பரீட்சை, ஆஸ்பத்திரி, கண் சிகிச்சை, சாமி கும்பிடு எல்லாம் அதில் இருக்கிறது. வித்துரா அத்தை வீட்டுக்குப் போகும் வளைவுகளில் வாந்தி எடுத்தவர்கள் ஒன்பது பேர். நீங்களெல்லாம் முகம் கழுவிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவீர்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நிற்பார். நான் முகத்தைச் சுளித்தால், "வாந்திதானல, கழுவினா போவும்" என்பார்.

அந்த வண்டியில்தான் நம் குடும்பத்தில் ஏழு மணப்பெண்கள் முகூர்த்தத்துக்குப் போனார்கள். அண்ணன் வண்டியில் ஏறினால் ராசி என்று முதலில் சொன்னவர் எங்கள் தாய்மாமா, பெரிய மாமா. என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, "நான் பெரியப்பா வண்டியிலதான் மண்டபத்துக்குப் போவேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். அண்ணன் அதற்காகவே அந்தத் துருப்பிடித்த பொருளை விற்காமல் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அவள் திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததை இனி எழுதுகிறேன்.

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். செங்கோட்டைக்கு அப்பாலிருந்து கொத்துவேலைக்கு வந்திருந்த ஒருவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்று ஹர்த்தால். கடைகள் அடைப்பு, சாலையில் கல். எல்லை தாண்டிப் பிரேதம் கொண்டுபோக ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. அவரோடு வேலை செய்தவர் காலையில் வீட்டுக்கு வந்து அழுதார். அவர்கள் கட்டுக்கம்பி வாங்குவது எங்கள் கடையில், அவ்வளவுதான் பழக்கம். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் வா. வழியில பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

படுக்கவைத்தால் வழியில் மறிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் இறந்தவருக்குச் சட்டை போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, பின்னிருக்கையில் மனைவிக்கும் நண்பருக்கும் நடுவே உட்காரவைத்தார்கள். அடியில் எங்கள் துவர்த்து விரித்திருந்தது. நெடுமங்காடு தாண்டியதும் கம்புகளோடு சிலர் மறித்தார்கள்.

"எங்ஙோட்டா? இன்னு ஹர்த்தாலல்லே?"

"செங்கோட்டைக்கா, மோனே. பொறகில் இருக்குந்ந ஆளுக்குத் தீரே வய்யா" என்றார் அண்ணன், பின்னால் இருப்பவருக்கு உடம்பு கொஞ்சமும் முடியவில்லை என்று.

ஒருவன் குனிந்து பார்த்தான். அந்த அம்மாள் கணவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "பொய்க்கோ, பொய்க்கோ" என்று வழிவிட்டார்கள்.

வளைவுகளில் அந்தத் தலை சரியும். அந்த அம்மாள் நிமிர்த்துவார். வாயோரம் ஏதோ வடிந்து ரெக்சினில் இறங்கியது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது. தென்மலைக்கு இப்பால் கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். நோட்டில் பத்தாவது ஆள் நான்தான்.

ஆரியங்காவு ஏற்றத்தில் வழக்கம்போல வண்டி நின்றது. நனைத்துப் போட வேறு துணி இல்லை. அந்த அம்மாள் மடியிலிருந்து ஈரம் காயாத ஒரு துவர்த்தை எடுத்து முன்னால் நீட்டினார். "இத வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மூணு நாளா இவுக நெத்தியில போட்டது. சூட்ட நல்லா எடுக்கும்."

பக்கத்தில் இருந்த நான்தான் அதை வாங்கியிருக்க வேண்டும். என் கை நீளவில்லை. அண்ணன் எட்டி வாங்கிக்கொண்டார். சாலையோர ஓடையில் நனைத்து, பிழிந்து, பம்பின்மேல் சுற்றினார். வண்டி ஏறியது.

திரும்பி வந்ததும் இரண்டு நாள் சோப்பும் மஞ்சள் தண்ணீருமாகக் கழுவினார். நான் நோட்டில் எழுதினேன்: செங்கோட்டை, ஆட்கள் ஐந்து, பிரேதம் உட்பட.

"எதுக்குல இது? நாலுன்னு போட்டா போதாதா?"

"அஞ்சுதானண்ணே போனோம்."

சிரித்தார். "சரி, எழுதினது இருக்கட்டும்."

திருமண நாள் காலையில் தோவாளைப் பூவால் வண்டியைச் சோடித்து வாசலில் நிறுத்தியிருந்தார் அண்ணன். முதல்முறையாகப் பட்டுச் சட்டை போட்டிருந்தார். சூடம் கொளுத்தத் தீப்பெட்டி தேடி முன்பெட்டியைத் திறந்தார் பெரிய மாமா. நோட்டு அகப்பட்டது. புரட்டினார்.

"இது என்னதுடே? பிரேதம்னு போட்டிருக்கு?"

"கொத்துவேலைக்கு வந்த ஆளு மாமா. ஹர்த்தால் அன்னைக்கு வேற வண்டி கெடைக்கல."

"பொணம் ஏறின வண்டியிலயா பொண்ண ஏத்தப்போற? ஒனக்குக் கிறுக்கா?"

"கழுவிட்டேன் மாமா."

"கழுவினா போற அழுக்கால அது?"

கூட்டம் சேர்ந்தது. "அதான பாத்தேன், போன வாரம் ஏறும்போதே ஒரு வாடை" என்றார் ஒருவர். பத்து வருடமாக அதே வாடையில் ஓசிச் சவாரி செய்தவர் அவர். பெயர் எழுதவில்லை, இந்த மலர் அவருக்கும் வரும். அலங்காரத்தோடு வாசலில் வந்து நின்ற என் மகள், "நான் பெரியப்பா வண்டியிலதான் போவேன்" என்றாள். பெரிய மாமா என்னைப் பார்த்தார். "பொண்ணு ஒம் பொண்ணு. நீ சொல்லு. ஏறலாமா, வேண்டாமா?"

அண்ணனும் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தீட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ரெக்சினில் வடிந்தது என் கண்ணில் நின்றது. அதன்மேல் மகளின் பட்டுப்புடவை. "வேண்டாம்ணே. இன்னைக்கு ஒருநாள் வேண்டாம்" என்றேன். என் குமட்டலை மாமாவின் சாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் அருவருக்கிற வாக்கியம் அது.

பூச்சரங்களை முடிச்சு முடிச்சாக அண்ணனே அவிழ்த்து, மாப்பிள்ளை வீட்டாரின் புதுக் காரில் கொண்டுபோய்க் கட்டினார். "சீக்கிரம் கெளம்புங்க, பூ வாடிரும்" என்றார்.

பந்தி முடிந்தது. பெரிய மாமாவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஆட்டோ கிடைக்கவில்லை. அதே வண்டியில், அதே பின்னிருக்கையில், வெற்றிலை போட்டுக்கொண்டு ஏறினார். பையை அண்ணன்தான் தூக்கினார். தம்பானூர் ஸ்டேஷன், ஆட்கள் இரண்டு. நான் எழுதிய கடைசி வரி அது. "இனி நானே எழுதிக்கிடுதேன்" என்று நோட்டை அண்ணன் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நம் வீட்டுப் பெண்கள் யாரையும் அவர் மண்டபத்துக்கு அழைத்துப் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் மட்டும் தவறாமல் கேட்டோம். தவறாமல் வந்தார்.

சென்ற ஆண்டு அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. மதினி கோயிலுக்குப் போயிருந்தார். என் வீடு இரண்டு தெரு தள்ளி. நான் வீட்டில்தான் இருந்தேன். தொலைபேசி அவர் கைக்கெட்டும் தூரத்தில். அவர் யாரையும் அழைக்கவில்லை. தானே ஓட்டிக்கொண்டு போனார். பிற்பகலில் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் வண்டியை எடுக்கப் போனேன். அவசரப் பிரிவின் வாசலிலேயே நிறுத்த இடம் இருக்கிறது. வண்டி அங்கே இல்லை. மேட்டில், நானூறு அடி தள்ளி, இறக்கம் பார்த்து நின்றது. அந்த வலியோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், திரும்பிப் போவதற்கு வழி பார்த்துவிட்டு.

இருக்கையில் நோட்டு. நான் கிழித்த கோடுகளுக்குள் அவருடைய சாய்ந்த எழுத்து: ஆஸ்பத்திரி, ஆட்கள் ஒன்று. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். எனக்குத் தெரியாத ஊர்கள். ஐந்து இடங்களில், என் சொற்களையே எடுத்து, 'பிரேதம் உட்பட' என்று எழுதியிருந்தார்.

இனி நன்றி. அண்ணனை வண்டியிலிருந்து வார்டுவரை தாங்கிப் போக முடியவில்லையே என்று வருந்திய ஆஸ்பத்திரி வாயிற்காவலருக்கும், பாதி வழியில் அவருக்குத் தோள் கொடுத்த முகம் தெரியாத இருவருக்கும் நன்றி. மூன்று பேருந்து மாறி வந்து, சமையலறைப் பக்கமாகவே நின்று அழுதுவிட்டுப் போன அந்தச் செங்கோட்டை அம்மாளுக்கு நன்றி. பதினாறாம் நாள், யாரும் கூப்பிடாமல், அந்தப் பின்னிருக்கையில் தன் குழந்தையோடு ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு நன்றி. குளிர்சாதனக் கார்களில் வந்து, உண்டு, ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும் முறைப்படி நன்றி.

வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொல்லிப் பெரிய மாமாவும் வேறு சிலரும் மூன்றுமுறை கேட்டுவிட்டார்கள். போடுவதாக இல்லை. அதன் வாடை எனக்கு இன்றும் குமட்டுகிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் ஞாயிறுதோறும் கழுவுகிறேன். அந்த அம்மாள் தந்த துவர்த்து பானெட்டுக்குள் அதே இடத்தில் இருக்கிறது. வண்டி என் வீட்டு முன்னால் இறக்கம் பார்த்து நிற்கிறது. சாவி என்னிடம்.

பிரேதம் கொண்டுபோக வண்டி கிடைக்காதவர்கள் எந்த நேரமும் வரலாம். கல்யாணத்துக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம்.