டிம்மில் இருந்த விளக்கு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாக நாமக்கல் பக்கம் முட்டை லாரி ஓட்டுகிறேன், நான் போகாத சுடுகாட்டு ரோடு கிடையாது, ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவன் பிரைட்டில் வந்து கண்ணைப் பறித்தால் ஒருமுறை டிம் டிப் அடித்து, அதாவது விளக்கை இறக்கி ஏற்றிக் காட்டுவோம், அவன் டிம் பண்ண வேண்டும். பண்ணவில்லையென்றால் நாமும் முழு பிரைட்டைப் போட்டு அவன் முகத்தில் அடிப்போம். தப்புதான், ஆனால் எல்லோரும் செய்கிறோம். போதாததற்கு அந்த மாதம்தான் நான் பழைய பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறரை இருக்கும், மழைத் தூறல், காலி வண்டியோடு சங்ககிரி தாண்டிப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஏரி வளைவில் ஒரு பைக் வந்தது, ஒற்றை விளக்கு, என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு தடவை காட்டியும் வெளிச்சம் இறங்கவில்லை. எனக்கு வந்ததே கோபம், பிரைட்டைப் போட்டவன் அது என்னைத் தாண்டும்வரை எடுக்கவே இல்லை. கண்ணாடியில்கூடப் பார்க்காமல் போய்விட்டேன்.

லோடு ஏற்றிக்கொண்டு எட்டரைக்கு அதே வளைவுக்கு வந்தால், நம்பினால் நம்புங்கள், மறுபடி ஒற்றை விளக்கு. ஆனால் இந்தத் தடவை அது மூன்றுமுறை டிம் டிப் அடித்தது. அது என் மச்சான் குமரேசனின் அடையாளம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர், ரோட்டில் என் வண்டியைக் கண்டால் அப்படித்தான் கூப்பிடுவார். சரி, ரெண்டு வார்த்தை பேசலாம் என்று டிம் பண்ணி ஓரம் கட்டினேன். விளக்கு கிட்டே வந்தது, சத்தமே இல்லை, கண் நிறைய வெளிச்சம், அவ்வளவுதான், அப்புறம் இருட்டு. பைக்கும் இல்லை, ஆளும் இல்லை, அந்த இடத்தில் பிரிகிற வழியும் கிடையாது.

அப்போதுதான் என் மனைவி போன் அடித்தாள்.

“ஏனுங்க, அண்ணன் போயிருச்சுங்க. ஏரி வளைவுல பள்ளத்துல உழுந்து கெடந்துச்சாமுங்க, ஆறரைக்கே.”

மறுநாள் ஸ்டேஷனில் மச்சானின் பைக்கைப் பார்த்தேன். பின்னால் பெரிய நூல் மூட்டை கட்டியிருந்தது. விளக்கு ஸ்விட்ச் டிம்மில் இருந்தது. அவர் டிம்மில்தான் வந்திருக்கிறார். பின்னால் பாரம் ஏறினால் முன்விளக்கு மேலே பார்க்கும், ஈரக் கண்ணாடியில் அது பிரைட் மாதிரி அடிக்கும், இத்தனை வருடம் ஓட்டிய எனக்கு இது தெரியாதா? கோபத்தில் தோன்றவில்லை. அதற்குமேல் இறக்குவதற்கு அவரிடம் வெளிச்சமே இல்லை, நான்தான் அவர் கண்ணைக் கெடுத்துப் பள்ளத்தில் தள்ளினேன்.

எல்.இ.டி.யை அன்றைக்கே பிடுங்கி எறிந்தேன். என்ன பிரயோஜனம். மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? தினமும் அவர் படத்துக்கு அவள் பூ வைக்கிறாள், நான் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுக்கிறேன், சாகிறவரை இப்படித்தான்.

போன மாதம் அவளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வர வேண்டியதாகிவிட்டது. ஏழு மணி, ரோடு காலி. வளைவு வந்ததும் அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

“டிம் பண்ணுங்க, பாவம், எதுக்கால வாரவீங்களுக்குக் கண்ணு கூசும்ங்க” என்றாள்.

எதிரே எனக்கு இருட்டுதான் தெரிந்தது. ஸ்விட்சைப் பார்த்தேன், ஏற்கெனவே டிம்மில்தான் இருந்தது. வளைவு முடியும்வரை அவள் கையை இறக்கவில்லை.