பேருந்துக்குக் காத்திருக்காத என் மனைவி

என் மனைவி ரீத்தா மருத்துவமனைத் தாதி. கோவிட் காலத்தில் வார்டில் வேலை பார்த்தபோது அவளுக்கும் தொற்று வந்தது. காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போனால், சிராங்கூன் சாலையின் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் உட்கார்ந்துவிடுவாள். "வெயிலா இருக்கு, பஸ்ல போயிடலாம்" என்பாள். பேருந்து வந்ததும், "கூட்டமா இருக்கு லா, வேணாம்" என்று எழுந்து நடப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் காலிப் பேருந்தே வந்து நின்றது. அவளால் எழ முடியவில்லை. உதடு வெளுத்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் சமூக ஊழியர் ஒருவர், இப்படி நெடுநாள் சிரமப்படும் சுகாதார ஊழியர்களுக்கு அரசாங்க உதவி இருப்பதாகச் சொன்னார். மூச்சுப் பயிற்சி கிடைக்கும், வேலை நேரமும் குறையும்.

"அதெல்லாம் நோயாளிங்களுக்கு. நான் நர்ஸ்" என்றாள் ரீத்தா.

"டியூட்டியில வந்த நோய் சிஸ்டர். இது உங்களுக்குன்னே வச்சது."

கடைசியில் சரி என்று தலையசைத்தாள்.

இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறாள். அவளைப் பார்த்து, அதே வார்டில் இன்னொரு தாதியும் தன் களைப்பைப் பற்றி வாய் திறந்திருக்கிறார். நானும் இப்போதெல்லாம் அவளை அவசரப்படுத்துவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் அதே நிறுத்தத்தில் ஓர் அம்மா, "பஸ் போகுதே, ஏறலையா?" என்று கேட்டார்.

ரீத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பஸ்ஸுக்கு இல்லக்கா. நான் நர்ஸ். கோவிட்ல வேலை பார்த்தேன், இன்னும் மூச்சு வாங்குது. கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்."