அக்காவின் மருந்து அட்டையில் என் கையெழுத்து

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுகிறேன். அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. மலரைத் தொகுத்த என் மகள், "அத்தையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்கப்பா, நல்லதா எழுதுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதைப் போட முடியாதுப்பா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். எதையும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா கோலா கங்சாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஏழு. கருமாதி முடிந்த மறுநாளே அக்கா அம்மாவோடு ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்குப் போனார். "இது வேலைக்காடா, பள்ளிக்கூடமா? இந்தப் பிள்ளைய ஏன் கூட்டியாந்த?" என்று வேலையை மேற்பார்க்கும் தண்டல் அதட்டினாராம். "பள்ளிக்கூடத்துக்குத் தம்பி போயிருக்கான். இங்க நான் வந்திருக்கேன்" என்று அக்கா பதில் சொன்னாராம். இதை அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் படித்தேன். கோலா கங்சாரில் இடைநிலைப்பள்ளி, பிறகு ஆசிரியர் பயிற்சி, தைப்பிங்கில் முதல் வேலை, கடைசியில் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றேன். அக்காவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. திருமணமாகிப் பிள்ளையில்லாமல் சில ஆண்டுகள் வாழ்ந்தார். லோரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா விபத்தில் இறந்தார். தோட்டமும் மூடப்பட்ட பிறகு ஈப்போவில், புந்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டே என் மனைவி காலமானாள். என் மகளை வளர்த்து ஆளாக்கியவர் அக்காதான். பகலில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவினார், மாலையில் எங்களுக்குச் சமைத்தார்.

கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும், மாத்திரை உறையில் ஏதாவது அச்சடித்திருந்தாலும் அக்கா என்னிடம்தான் நீட்டுவார். "என்ன போட்டிருக்கு, வாத்தியாரே?" என்று கேட்பார். நான் சொல்வதுதான் அதில் எழுதியிருப்பது. அதற்கு மேல் வேறு யாரிடமும் கேட்க மாட்டார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா நுரையீரல் பலவீனத்தால் இறந்தார் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அக்காவுக்கு வந்தது காசநோய். முதல் தடவை அது குணமாகக்கூடிய காசநோயாகவே இருந்தது.

மூன்று வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல், ரவிக்கை தொளதொளத்துப் போனது. கிளினிக்கில் சளியைச் சோதித்து உடனே சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் கிளினிக்குக்குப் போய், தாதியின், எங்கள் பேச்சில் மிஸ்ஸியின், கண் முன்னால் விழுங்க வேண்டும். அந்த மிஸ்ஸி தமிழ்ப் பெண். முதல் நாளே எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அம்மா, இருமல் நின்னுடும், உடம்பு தேறிடும். அதுக்காக மருந்த நிறுத்தக்கூடாது. கண்ணு மஞ்சளாச்சுன்னா, வாந்தி நிக்காம வந்துச்சுன்னா அன்னைக்கே எங்ககிட்ட வாங்க. மத்தபடி ஒரு நாளும் விடாதீங்க. ஒண்ண விட்டு ஒண்ண சாப்பிடாதீங்க. வேற மருந்து, வேரு, கஷாயம் எதுன்னாலும் எங்களக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலரா போகும், பயப்படாதீங்க. அது மருந்து."

மறுநாள் அக்கா கழிப்பறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "தம்பி, ஒண்ணுக்குகூட காவி கட்டிக்கிச்சு. இனிமே என்னைச் சாமியாருன்னு கூப்பிடு."

இரண்டு மாதத்தில் இருமல் போய்விட்டது. சளியிலும் கிருமி இல்லை. நான்கு வகை மருந்து இரண்டாகக் குறைந்தது. ஒன்று சிறிய வெள்ளை மாத்திரை, இன்னொன்று கூட்டுக்குள் மருந்துப்பொடி அடைத்த சிவப்புக் கூட்டு மாத்திரை. அக்காவுக்கு முழங்கால் வலி, தினமும் கிளினிக்குக்கு நடக்க முடியவில்லை. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாம் என்றார்கள். நான் பொறுப்பெடுத்தேன். என் கையில் ஓர் அட்டை தந்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அக்கா விழுங்குவதைப் பார்த்த பிறகு அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். "சார், நீங்க தலைமையாசிரியரா இருந்தவரு. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார் மிஸ்ஸி.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு அக்கா பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். நோய் தீர வேண்டும் என்பதற்கான வேண்டுதல் அது. நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டில் தனிப் பாத்திரம், தரையில் படுக்கை. விரதம் தொடங்கிய அன்று, அக்காவோடு கோவிலுக்குப் போகும் பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று கேட்டார்:

"அக்கா, மாத்திரை சாப்பிடறீங்களா? அந்தக் கூட்டு மாத்திரையோட கூடு மாட்டு எலும்புல செய்யறதாம்லா. நம்ம ஆளுங்க விரதத்துல தொட மாட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நெசமா?"

நான் யோசித்தேன். என் படிப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பாருங்கள். மலேசியாவில் முஸ்லிம்களுக்கும் கொடுக்கும் மருந்து, ஆகவே பன்றியாக இருக்காது. பன்றி இல்லையென்றால் மாடுதான். கணக்கு சரியாக வந்துவிட்டதைப்போல எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

"அப்ப மிஸ்ஸியக் கேக்கலாமா?"

"எதுக்கு? விரதம்னு சொன்னா திட்டுவாங்க. வெள்ளை மாத்திரைய விடாம சாப்பிடு. கூட்டு மாத்திரைய மட்டும் பூசம் முடியறவரைக்கும் நிறுத்திக்க. பாதி மருந்து உள்ள போகுதில்ல?"

"மிஸ்ஸி ஒண்ண விட்டு ஒண்ண சாப்பிடக்கூடாதுன்னாங்களே."

"நான் சொல்றேன்ல."

அக்கா வெள்ளை மாத்திரையை மட்டும் எடுத்து விழுங்கினார்.

நாற்பத்தெட்டு நாளும் காலையில் வெள்ளை மாத்திரையை மட்டும் கொடுத்தேன். கூட்டு மாத்திரையை எடுத்து ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டேன். அட்டையில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வாரமும் அட்டையைப் பார்க்க மிஸ்ஸி வருவார். "அம்மா, ஒண்ணுக்கு கலர் எப்படிம்மா?" என்று கேட்பார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன்: "ஆரஞ்சுதான், மிஸ்ஸி." அந்த நிறம் கூட்டு மாத்திரையால் வருவது.

அக்கா தலையைக் குனிந்துகொள்வார். தம்பியைப் பொய் சொல்ல விட்டுவிட்டோமே என்ற கூச்சம் அவருக்குத்தான் இருந்தது.

தைப்பூசத்தன்று அக்கா மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்து வெயிலில் நடந்தார். ஒரு முறைகூட இருமவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு மருந்தும் சாப்பிட்டார். ஆறு மாதக் கெடு முடிந்தது. கிளினிக்கில் அட்டையை வாங்கிப் பார்த்து, "ஒரு நாள்கூட விடல. சபாஷ், சார்" என்றார்கள். நான் சிரித்தேன்.

சில மாதங்களில் இருமல் திரும்பி வந்தது. இங்கேதான் என் பெரிய குற்றம். விரதத்தில் செய்தது அறியாமை என்று யாராவது எனக்காக வாதாடலாம். இதற்கு வாதாட முடியாது. அது என்ன இருமல் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுபடி கிளினிக்குக்குப் போனால் பழைய அட்டையை எடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள், தலைமையாசிரியர் பொய்க் கையெழுத்துப் போட்டது வெளியில் வரும். "புகைமூட்டம்தான், ஊரெல்லாம் இருமுது" என்று அக்காவிடம் சொன்னேன். சீனன் மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கி வந்தேன். "கிளினிக்குப் போலாமா, தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன். இப்படி ஏழு வாரம் போயின. பிறகு ஒரு காலை, முகம் கழுவும் தொட்டியில் இரத்தத்தைப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு வந்த அன்று, இளம் பெண் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். முதல் தடவை கொடுத்த முக்கியமான இரண்டு மருந்தும் இனி அக்காவிடம் வேலை செய்யாது என்றார். ஏன் என்று நான் கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"ரெண்டும் சேர்ந்தாதான் கிருமி சாகும், சார். ஒண்ண மட்டும் குடுத்தா, கிருமி அந்த ஒண்ணுக்குப் பழகிக்கும். அப்புறம் ரெண்டாவதத் திரும்பக் குடுக்கும்போது அது தனியா நின்னு சண்டை போடும். அதுக்கும் பழகிக்கும்." பிறகு அக்காவைப் பார்த்தார். "அம்மா, மருந்து எப்பவாவது விட்டீங்களா? அட்டையில எல்லா நாளும் கையெழுத்து இருக்கே."

நான் பேசியிருக்க வேண்டிய நேரம் அது.

"நான்தான் ஏமாத்தினேன், டாக்டர்" என்றார் அக்கா. "மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சிக்கிட்டு அப்புறமா துப்பிருவேன். தம்பிக்குத் தெரியாது. அது பாவம், தெனம் பார்த்துப் பார்த்துத்தான் குடுத்துச்சு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எனக்கென்னடா பேரு கெடப் போவுது? நான் பால்வெட்டுனவ. உன்னத்தான் ஊர்ல வாத்தியாருங்கறாங்க" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "பசிக்குது, ஒரு தேத்தண்ணி வாங்கியா" என்றார்.

இரண்டாவது சிகிச்சை நீண்டது, கடுமையானது. வாந்தி, காலெல்லாம் எரிச்சல், எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்புச் சுவை. அக்கா ஒரு மாத்திரையையும் விடவில்லை. அதைச் சொல்ல எனக்கு இப்போது சாட்சி இருக்கிறது, ஏனென்றால் இந்த முறை பொறுப்பை என்னிடம் கொடுக்கவில்லை. மிஸ்ஸியே தினமும் வீட்டுக்கு வந்தார். விழுங்கியதும் அக்கா வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். துப்புகிறவர் என்று எழுதியிருந்ததால் அந்த ஏற்பாடு. எழுபது வயதைத் தாண்டிய என் அக்கா, தினமும் காலையில், செய்யாத குற்றத்துக்காக வாயைத் திறந்து காட்டினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மிஸ்ஸி, "அம்மா, முன்னாடியே இப்படிச் சாப்பிட்டிருக்கலாம்லா" என்று ஆதங்கத்தோடு சொன்னார். "புத்தி இல்லாம போச்சு, மிஸ்ஸி" என்று அக்கா சிரித்தார்.

நுரையீரல் ஏற்கெனவே மிகவும் கெட்டுவிட்டிருந்தது. மருந்து முடிய இன்னும் பல மாதம் இருக்கும்போது, ஒரு பிற்பகல், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு நின்றது. கடைசிப் பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. என் மகளிடம் தண்ணீர் கேட்டார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

இறுதிச் சடங்கன்று வீட்டில் உறவினர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கெழவி மருந்து சாப்பிட மாட்டேன்னு அடம் புடிச்சிச்சாமே. தம்பி பாவம், எவ்வளவோ பார்த்தாரு." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கசிந்த செய்தியைத்தான் சொன்னார். நான் அப்போதும் பேசவில்லை. வந்தவர்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு கிளினிக்குக்குப் போனேன். மிட்டாய் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தேன். மிஸ்ஸி அந்தச் சிவப்பு மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஏன் சார் என்னைக் கேக்கல?" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "கூடு இல்லாமலும் இந்த மருந்து இருக்கு. சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணியிருப்போம். விரதத்துக்கு நாங்க திட்ட மாட்டோம், சார். எங்க வீட்லயும் விரதம் இருக்காங்க."

துப்புகிறவர் என்று எழுதியிருப்பதை மாற்ற முடியுமா என்று கேட்டேன். நான் சொன்னதையும் அதன் கீழே எழுதிவைப்பதாகச் சொன்னார். டப்பாவை எடுத்துப் பூட்டி வைத்தார். "கோப்பை நாலு பேரு பார்ப்பாங்க. உங்க சொந்தக்காரங்க நூறு பேரு நம்பியிருக்காங்களே, அவங்ககிட்ட யார் சொல்றது?" என்றார்.

அதனால்தான் எழுதினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தினமும் வீடு தேடி வந்த மிஸ்ஸிக்கும், என் பொய்யை அறியாமல் கடைசிவரை பாடுபட்ட டாக்டருக்கும் தாதியருக்கும் நன்றி. ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காத்திருந்த என் மகளுக்கும் மருமகனுக்கும் நன்றி. சோறு சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டம்மாவுக்கும் நன்றி. அவர் தான் கேள்விப்பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். முடிவு செய்தவன் நான். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவோடு பழகிய நீங்கள் இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு முறை கிளினிக்கில் காட்டிக்கொள்ளுங்கள். இதுவரை உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தால் கொடுத்தபடி சாப்பிடுங்கள். விரதமோ வேண்டுதலோ குறுக்கே வந்தால் அங்கேயே கேளுங்கள். என்னைப்போலப் படித்தவர்களைக் கேட்காதீர்கள்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இனி எங்கள் வீட்டுக் கல்யாணத்திலோ கருமாதியிலோ அக்காவின் பேச்சு வந்தால், மருந்து சாப்பிட மறுத்தவர் என்று சொல்லாதீர்கள்.

தம்பி சொன்னதைக் கேட்டவர் என்று சொல்லுங்கள்.